துவக்கும் துவக்கு

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியத்தைப் பற்றியோ தாபகர்களின் சைவத் தமிழ்ப் பணியைப் பற்றியோ எழுதித் தருவோமென்றே அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். அவற்றை எழுதத் தக்கார் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். நாம் எழுதப் புகுவது, அதிபர் அலுவலகத்து இரும்பு அலுமாரியின் மேற்றட்டிற் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றி. அது பழையது, வேறொருவர் பல்லாண்டு கையாண்டு விற்றது, நம் கல்லூரிக்கு வந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. ஓட்டப் போட்டிகளைத் தொடக்கி வைக்குங் கைத்துவக்கு அது.

யாழ்ப்பாணத்தார் துப்பாக்கியைத் துவக்கு என்பர். துப்பாக்கி, துவக்கு என்னும் இரண்டும் துருக்கி மொழியின் வழியாக வந்தவை என்பது அகராதி வல்லார் கொள்கை. தமிழிலே ‘துவக்கு’ என்னும் வினைச்சொல்லோ, ஆரம்பித்து வை என்று ஏவுவது. பிறப்பால் உறவில்லாத இவ்விரு சொற்களும் ஒலியால் ஒன்றாகி, ஒன்றையொன்று அறியாது நெடுங்காலம் வாழ்ந்து, ஈற்றில் விளையாட்டு மைதானத்திலே சந்தித்துக் கொண்டன. வகுப்பில் இதனைச் சொன்னபோது மாணவர் சிரித்தனர். சொல்லாராய்ச்சி கேட்டு அவர்கள் சிரித்தது, நாமறிய, அதுவே முதன்முறை.

இவ்வாண்டு மாசி மாதத்தில் நடைபெற்ற இல்ல மெய்வல்லுநர் போட்டியின் படங்கள் வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் சென்றன. அவற்றுள் ஒன்றிலே, வெள்ளைச் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாய் நாம் ஒரு வாங்கின்மீது நின்று, துவக்கேந்திய கையை வானோக்கி உயர்த்தியிருக்கின்றோம். அப்படத்தைக் கண்ட பழைய மாணவர் ஒருவர் மிக வருந்தி எழுதினார். எந்த ஓசைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினோமோ, அந்த ஓசையைப் பணங்கொடுத்து வாங்கிக் கல்லூரி மைதானத்துக்குக் கொண்டு வந்தீர்களோ என்பது அவர் கேள்வியின் சாரம். கேள்வி நியாயமானது. அவருக்குத் தனியே மறுமொழி எழுதினோம். ஆயினும் அவரைப்போல் எழுதாமலே மனத்துள் வருந்தினோரும் இருப்பர் ஆதலின், எமது கருத்தை இங்கே விரித்துரைப்பது கடனெனக் கொண்டோம்.

தமிழாசிரியர் கையில் துவக்கு வந்த கதையை முதலிற் சொல்லி விடுகின்றோம். உடற்கல்வி ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின், ஓட்டங்களைத் தொடக்கி வைக்கும் பொறுப்பு, குரல் பெரிது என்னும் ஒரே தகுதி பற்றி எம் தலைமேல் வந்து வீழ்ந்தது. அக்காலத்தில் எமக்கிருந்த கருவிகள் இரண்டு: ஒரு விசில், பிணைச்சல் கொண்டு இணைத்த இரு பலகைகளாலாய தட்டுப்பலகை. நாம் மாணவராயிருந்த தொண்ணூறுகளில், இடம்பெயர்ந்து சென்று படித்த மைதானங்களிலும் இவையே வழங்கின. அந்நாட்களில் வெடியோசை கேட்டால் ஓடுவோர் முன்னோக்கி ஓடார். பதுங்குகுழி நோக்கியே ஓடுவர். ஆகவே துவக்கைப் பற்றி எவரும் நினைத்ததில்லை.

விசிலின் குறை இரண்டு. ஊதுவான் மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பு உயரும். கூர்ந்து நோக்கும் பிள்ளை அதனைக் கண்டே புறப்பட்டு விடும். மற்றைய குறை இதனினும் பெரிது. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்வது. நூறு மீற்றருக்கப்பால் முடிவிடத்தில் நிற்கும் நேரக்கணிப்பாளரின் செவியை அது அடைய 0.29 செக்கன் செல்லும். அதுவரை அவர் கடிகாரம் அசையாது நிற்க, ஓடுபவனோ ஓடிக்கொண்டிருப்பான். இதனாலேயே கைக்கடிகாரத்தால் நேரங்கணிப்போர் துவக்கின் ஓசையைக் கேட்டன்று, புகையை அல்லது ஒளியைக் கண்டே கடிகாரத்தை இயக்க வேண்டுமென உலக மெய்வல்லுநர் விதிகள் கூறுகின்றன. விசிலுக்குப் புகை ஏது?

இக்கணக்கு வெறும் ஏட்டுக்கணக்கன்று. இரண்டாண்டுகளுக்கு முன் நம் மாணவன் ஒருவன் இல்லப் போட்டியில் நூறு மீற்றரைப் பன்னிரண்டு செக்கனில் ஓடினான் என்று மாலை சூட்டினோம். வலயப் போட்டியில் அவனது நேரம் அரைச் செக்கன் அளவுக்குக் கூடிற்று. ஏறத்தாழ கால் செக்கன் எமது விசில் அவனுக்கு இரவலாகக் கொடுத்தது. எஞ்சியதை அவன் தொடக்கக் கோட்டிலே இழந்தான். வாழ்நாளில் முதன்முறையாக அருகே துவக்கு வெடித்தபோது அவன் தோள்கள் குறுகின, கழுத்து உள்வாங்கிற்று, பின்னரே கால்கள் எழுந்தன. அதற்குள் ஏனையோர் இரண்டடி முன்னே சென்றுவிட்டனர். திரும்பி வரும்போது, பேருந்தில், பண்ணைப் பாலந் தாண்டி அல்லைப்பிட்டி வரும்வரை அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. பிள்ளைகளுக்குத் தவறான நேரத்தைச் சொல்லி மகிழ்விப்பதும், அவர்கள் அறியாத ஓசைக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்துவதும் ஆசிரியருக்கு அழகல்ல என்று அன்றிரவே துணிந்தோம்.

சென்ற ஆண்டு ஐப்பசியில், கொழும்பில் நெடுங்காலம் ஓட்டந் தொடக்குநராய்ப் பணியாற்றி ஓய்ந்த பெரியவர் ஒருவர் தம் கைத்துவக்கை விற்கவிருப்பதாக அறிந்தோம். அதிபரின் வழியாக உரிய இடங்களுக்கு எழுதி அனுமதி பெற்ற பின்னரே அதனை வாங்கினோம். விலையைக் கூறப்போவதில்லை; புதியதொன்றின் விலையில் மூன்றிலொரு பங்குக்குங் குறைவு என்றால் போதும். ஆறு அறைகள் கொண்ட உருளை. குழாயின் வாய் அடைக்கப்பட்டிருக்கும். ஈயக்குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாக்களே அதிற் செல்லும். மரப்பிடியில் வலப்பக்கம் ஒரு பெருவிரலின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அத்தேய்வு எமது விரலுக்குப் பொருந்தவில்லை. இன்றும் முற்றாகப் பொருந்தவில்லை. பழைய செருப்பை வாங்கி அணிந்தவர்கள் இதன் பொருளை அறிவர்.

குண்டில்லாத துவக்கென்று அதனை விளையாட்டுப் பொருளாகக் கருதுதல் பெரும்பிழை. வெற்றுத் தோட்டாவிலிருந்தும் சூடேறிய வாயு பெருவிசையோடு வெளிப்படும். 1984 ஆம் ஆண்டில் அமெரிக்க நடிகர் ஜோன் எரிக் ஹெக்சம் என்பவர், படப்பிடிப்பின் இடைவேளையில், வெற்றுத் தோட்டா இட்ட துவக்கொன்றை வேடிக்கையாகத் தம் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தி உயிரிழந்தார். அவரது துவக்கு மெய்யான துவக்கு, எமதோ வாயடைத்தது. ஆயினும் மாணவர் எவரும் அதனைத் தொடலாகாது என்ற விதியை, வந்த நாளன்றே அலுமாரிக் கதவில் எழுதி ஒட்டினோம். அதன் ஓசை கைக்கெட்டுந் தூரத்தில் 140 டெசிபலையுந் தாண்டக்கூடியது என்பதால், சுடும்போது செவியில் அடைப்பு வைத்துக் கொள்கின்றோம். கையை மேலே நேராக நீட்டுவது கம்பீரத்துக்காக மட்டுமன்று.

மார்கழி விடுமுறையின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கணித ஆசிரியராகிய நண்பரையும் மூத்த மாணவர் இருவரையும் அழைத்துக்கொண்டு பயிற்சிக்கென மைதானத்துக்குச் சென்றோம். முதலறை வெடித்தது. இரண்டாமறை ‘டிக்’ என்றதோடு நின்றது. மூன்றாமறை வெடித்தது, நான்காமறை மீண்டும் ‘டிக்’. தொடக்கக் கட்டையில் இருந்த மாணவனோ அந்த ‘டிக்’ ஓசைக்கே பத்தடி ஓடிவிட்டு, நெற்றியில் கைவைத்துத் திரும்பி வந்தான். பழைய துவக்கை வாங்கியவர் நிலை இதுதான் என்று நண்பர் பெருமூச்செறிந்தார். சுருள்வில் தளர்ந்துவிட்டது என்றே நாமும் எண்ணினோம். வீட்டிற்குக் கொண்டு சென்று கழற்றிப் பார்த்தபோது வில்லிற் குறையில்லை. பழைய மருந்துக்கரியும் கட்டியான கொழுப்பும் சுத்தியலின் வழியை அடைத்திருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பழைய பற்றூரிகையாலே தேய்த்துத் தையல் இயந்திர எண்ணெய் இட்டோம். அதன்பின் இன்றுவரை ஒருமுறையேனும் அது பொய்த்ததில்லை. ஆனால் நம் தீவின் உப்புக்காற்றும் தோட்டாவின் கரியுஞ் சேர்ந்தால் இரும்பு பத்து நாளில் துருவேறும். ஒவ்வொரு நாட்பயிற்சிக்குப் பின்னும் துடைத்தே வைத்தல் வேண்டும். அடுத்து இப்பொறுப்பை ஏற்பவர் இதனைக் குறித்துக் கொள்க.

துவக்கின் குறை ஒரு மாலையில் நீங்கிற்று. எமது குறை நீங்கப் பல வாரங்கள் சென்றன. அந்த ஞாயிறன்றே, தொடக்கக் கட்டையில் இருந்த மாணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “சேர், வெடிக்கிறதுக்கு முதலே நீங்கள் கண்ணை மூடுறியள். அதைப் பார்த்தே நான் வெளிக்கிடலாம்.” நண்பர் கைத்தொலைபேசியிற் படமெடுத்துக் காட்டினார். உண்மைதான். விரல் விசையை அழுத்தத் தொடங்கும்போதே எமது இமைகள் மூடின, தோள் உயர்ந்தது, தலை இடப்பக்கஞ் சரிந்தது. வலயப் போட்டியில் அம்மாணவனுக்கு நேர்ந்ததெல்லாம் எமக்கும் நேர்ந்தது, வெடிக்கு முன்பே.

குறிபார்த்துச் சுடும் பயிற்சிக் களங்களில் இக்குறை பெயர்பெற்றது. புதிதாகத் துவக்கேந்துவோர் வெடியை எதிர்பார்த்து நடுங்குவர். அந்நடுக்கத்தால் குறி தவறும். அதற்கு அங்கே வழங்கும் மருந்து எளியது. தோட்டா இல்லாமலே நாள்தோறும் பலமுறை விசையை அழுத்திப் பழகுதல் ஒன்று. வேறொருவர் சில அறைகளில் தோட்டாவும் சிலவற்றில் வெறுமையுமாக நிரப்பிக் கொடுக்க, எதில் எதுவென அறியாது சுடுதல் மற்றொன்று. வெற்றறையில் ‘டிக்’ என்னும்போது கை அசைந்தால், அசைந்தது துவக்கன்று, மனமே என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 2021 ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் கைத்துவக்கு நடுவே பழுதடைய, அரிய நிமிடங்களை இழந்து அவர் வெளியேறினார். அவரே 2024 இற் பாரிசில் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார். கருவி கைவிடும், கருவியோடு பழகிய பழக்கமோ எளிதிற் கைவிடாது. நம் மைதானத்திற் குறியுமில்லை குண்டுமில்லை. இருப்பினும் அதே மருந்தை நாமும் உண்டோம். கணித ஆசிரியர் அறைகளை நிரப்பித் தருவார், நாம் சுடுவோம், மாணவர் எமது கண்ணிமைகளைப் பார்த்துப் புள்ளி இடுவர். இருபத்தைந்தாண்டுகளாகப் பிறருக்குப் புள்ளியிட்ட எமக்கு, முதல் நாளிற் கிடைத்தது பத்துக்கு ஒன்று.

கல்லூரியின் மேற்கு மதிலுக்கு அப்பால் உள்ள வீட்டில் ஓர் ஆச்சி இருக்கின்றார். அந்த முதல் ஞாயிறு, மூன்றாமறை வெடித்த சிறிது நேரத்தில், முற்றத்தில் விளையாடிய பேரப்பிள்ளையை அவர் தூக்கிக்கொண்டு வீட்டினுள் ஓடிக் கதவடைத்ததை மதிலுக்கு மேலாகக் கண்டோம். துவக்கை நண்பரிடம் கொடுத்துவிட்டு ஓடோடிச் சென்று அழைத்தோம். நெடுநேரத்தின் பின் கதவு திறந்தது. எம்மைக் கண்டதும் அவர் திண்ணையில் இருந்துவிட்டார். நாம் மன்னிப்புக் கேட்டு, ஓட்டப் போட்டிக்கான வெடி என்று விளக்கினோம். அவர் சினக்கவில்லை. “சொல்லிப்போட்டுச் சுட்டிருக்கலாமே, தம்பி” என்றார். அவ்வளவே.

1990 ஓகஸ்டில் படையினர் இத்தீவுகளில் வந்திறங்கியபோது எமக்கு வயது பத்து. மறு ஆண்டில் எம் குடும்பமும் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்தும் பெயர்ந்தோம். ஆச்சி இழந்தவற்றை இங்கு எழுதுவதற்கு எமக்கு உரிமையில்லை. போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. ஆனால் இமைகளுக்கு அச்செய்தி எட்டவில்லை என்பதை அந்த ஞாயிறன்று கண்டோம். எமது கண் மூடியதற்கும் அவர் கதவு மூடியதற்கும் காரணம் ஒன்றே.

ஆச்சி சொன்ன சொல்லே பழைய மாணவருக்கு நாம் எழுதிய மறுமொழியின் கருவாயிற்று. அன்று நாம் கேட்ட வெடிகளுள் எதுவும் சொல்லிவிட்டு வெடிக்கவில்லை. எங்கிருந்து வரும், எப்போது வரும், யாரை நோக்கி வரும் என்பதறியாத அறியாமையே அவ்வச்சத்திற் பாதி. தொடக்குநரின் துவக்கோ மும்முறை சொல்கின்றது. “இடத்துக்கு” என்கின்றோம்; பிள்ளைகள் கோட்டருகே வந்து குனிகின்றனர். “ஆயத்தம்” என்கின்றோம், இடுப்பு உயர்கின்றது, மைதானம் அடங்குகின்றது. எல்லோரும் அசைவற்றிருக்கக் கண்ட பின்னரே மூன்றாவது சொல்லாக அது வெடிக்கின்றது. (இக்கட்டளைகளை ஆங்கிலத்திலேயே சொல்லவேண்டுமென நண்பர் சிலர் வாதிட்டனர். தொடக்குநர் தம் சொந்த மொழியிலேனும், ஆங்கிலத்திலேனும், பிரெஞ்சிலேனும் சொல்லலாமென்பது உலக மெய்வல்லுநர் விதி. நாம் பிரெஞ்சு அறியோம்.) ஓசை ஒன்றுதான், முன்னே வருஞ் சொல்லே வேறுபாடு. அச்சொல்லோடு சேர்த்து அவ்வோசையைப் பிள்ளைகளுக்கு அறிமுகஞ் செய்வது எமது கடமை என்றே கருதுகின்றோம். ஒளித்து வைத்தால், அவர்கள் அதனை நம்மிடமிருந்து அச்சமாக மட்டுமே பெற்றுக் கொள்வர்.

உலகம் இத்துவக்கையுங் கடந்துவிட்டது என்று அப்பழைய மாணவர் எழுதியிருந்தார். அதுவும் மெய்யே. 2012 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் மின்னணுத் துவக்கே ஒலித்தது. ஓடுவோர் ஒவ்வொருவரின் பின்னும் ஒலிபெருக்கி இருந்தது. முழு அளவான 400 மீற்றர் ஓட்டத்தில் எட்டாம் பாதையில் நிற்பவர் முதற் பாதையில் நிற்பவரினும் ஏறத்தாழ 53 மீற்றர் முன்னே நிற்பர். ஒலி அத்தூரத்தைக் கடக்க 0.15 செக்கன் வேண்டும். தொடக்குநர் முதற் பாதையருகே நின்று சுட்டால் எட்டாம் பாதைக்கு அநீதி. ஒலிபெருக்கி அதனை நீக்குகின்றது. வெடித்தபின் 0.1 செக்கனுக்குள் அசைந்தால் அது தவறான புறப்பாடு என்பதையும் அங்கே கருவியே அளக்கின்றது. 2011 இல் தென்கொரியாவின் டேகு நகரில் உசைன் போல்ற் அவர்களையே ஒரு தவறான புறப்பாடு இறுதி ஓட்டத்திலிருந்து வெளியேற்றிற்று. அத்தகைய கருவித்தொகுதியைச் சங்கம் வாங்கித் தருமாயின், இப்பழைய துவக்கை எண்ணெயிட்டு அலுமாரியில் வைத்துவிட நாம் ஆயத்தம். இதனைக் குறிப்பென்றே பழைய மாணவர்கள் கொள்ளலாம். அதுவரை, வலயத்திலும் மாகாணத்திலும் துவக்கின் முன்னே நிற்கப்போகும் பிள்ளை வேலணையில் ஒருமுறையேனும் அதனைக் கேட்டிருத்தல் வேண்டும். 1958 இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களுக்குத் துவக்கு வேண்டியிருக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் உயரம் பாய்வதில்லையே.

எமது கருத்துக்கும் வரம்புண்டு. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரின் ஓட்டங்களுக்குத் தட்டுப்பலகையே போதும். இவ்வாண்டும் அவ்வாறே செய்தோம். பயிற்சிக்கு முதல் நாள் மாலை, மைதானத்தைச் சூழவுள்ள வீடுகளுக்கு நாமே நேரிற் சென்று நேரத்தைச் சொல்கின்றோம். போட்டியன்று காலை ஒலிபெருக்கியிலும் அறிவித்தோம். இதனை ஒரு சம்பிரதாயமாகக் கருதி வருங்காலத்தில் விட்டுவிடலாகாது. அறிவித்தல் இல்லையேல் துவக்கும் இல்லை.

போட்டியன்று ஆச்சி பேரப்பிள்ளையோடு வந்து வேம்பின் கீழ்ப் போட்ட கதிரையில் அமர்ந்தார். “ஆயத்தம்” என்று நாம் சொன்ன ஒவ்வொரு முறையும் இரு செவிகளையும் பொத்திக் கொண்டார். வெடித்தபின் கைகளை எடுத்துவிட்டு ஓடுவோரைப் பார்த்தார். பேரன் பொத்தவில்லை. பதினாறு வயதுப் பெண்களின் நூறு மீற்றர் இறுதி ஓட்டத்தில் எமது கண்கள் மூடவில்லை. அறுவரும் ஒரே கணத்தில் கட்டைகளை விட்டெழுந்ததை முழுமையாகக் கண்டோம். அப்படியொரு காட்சியைத் தொடக்குநராயிருந்தும் அதுவரை கண்டதில்லை. புகை கண்டு கடிகாரத்தை இயக்கியதால், வென்றவரின் நேரம் சென்ற ஆண்டினும் கூடியே இருந்தது. அவருடைய தந்தையார் வந்து காரணம் கேட்டார். ஒலியின் வேகத்தைக் கணித ஆசிரியர் அவருக்கு விளக்க, அவர் பாதி நம்பிக்கையோடு சென்றார்.

மாணவர் எமக்கிட்ட இறுதிப் புள்ளி பத்துக்கு எட்டு. பெட்டியில் இன்னும் இருபத்தாறு வெற்றுத் தோட்டாக்கள் உள்ளன. புகை மிகுதியாக வரும் .32 அளவுத் தோட்டாவே எமது உருளைக்குப் பொருந்தும்; .22 பொருந்தாது. அடுத்த மாசிக்குள் அவற்றை முறைப்படி பெறும் வழியறிந்த பழைய மாணவர் எவரேனும் இருப்பின், அதிபருக்கு ஒரு வரி எழுதுவாராக.